தலைவர் இன்னும் காலமாகவில்லை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: ட்ரம்கார்ன் கால்பந்துக் கழகத்தின் ஆயுள்காலத் தலைவரும், பால் பண்ணையின் முன்னாள் மேலாளரும், மைக் கண்ட இடமெல்லாம் நின்று பேசியவருமான ஓவன் ப்ரெஸ்லின் இந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி முடியும்வரை காலமாகவில்லை. இப்படிக்கு, மனைவி டெலியா.

இந்த உத்தரவு பிறந்தபோது ஓவன் இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. டெலியா போர்வையை அவர் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மகள் யூனா அழுதுகொண்டே ஜன்னலைத் திறக்கப் போனாள். உயிர் வெளியே போக வழிவிட வேண்டுமே, இறந்த நேரத்திலேயே கடிகாரத்தையும் நிறுத்த வேண்டுமே.

"கைய எடுடி."

"அம்மா, வழக்கம்..."

"மேட்ச் முடியாம இந்த மனுஷன் எங்கயும் போகக் கூடாது. சாத்து. கடிகாரத்தையும் நிறுத்தாத, ஓடட்டும்."

"பாதிரியாரையாவது கூப்பிடலாம்."

"அவரு டவுன்காரரு. இன்னைக்கு நம்மள எதிர்த்து ஆடறதே அவங்க டீம்தான், நேரா போய் சொல்லிடுவாரு."

யூனா மூக்கைத் துடைத்துக்கொண்டு சாத்தினாள். காரணம் அவளுக்கும் தெரியும். கழகத்தின் பெரிய மனிதர் யாராவது இறந்தால் அடுத்து வரும் ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவரே ஓவன்தான். முக்கால் மணி நேரம் பேசி, கேட்டவர்கள் களைத்துப்போய்க் கை தூக்கும்வரை விடவில்லை. யாருடைய சாவை மனதில் வைத்துப் பேசினார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் இன்று தள்ளிவைத்தால் யூனாவின் தம்பி கார்மக் ஆட முடியாது. பாஸ்டனில் கட்டட வேலை. கால் இறுதிக்கு முன் லீவில் வந்தவன் இன்னும் திரும்பவில்லை. மேஸ்திரி இரண்டு முறை போனில் கத்தியாயிற்று. செவ்வாய்க்கிழமை விமானம். பதினைந்து பேர் ஆடும் இந்த ஊர்க் கால்பந்தில் கார்மக் இல்லாத ட்ரம்கார்ன் என்பது பதினான்கு விவசாயிகள், ஒரு பந்து, அவ்வளவுதான்.

தோற்றால் வீடு என்கிற இந்தப் போட்டியில் ட்ரம்கார்ன் வழக்கமாக முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்து வைக்கோல் அள்ளப் போய்விடும். இந்த வருஷம் வைக்கோலை அள்ள ஆளில்லை. போன வருஷ சாம்பியனைக் கொட்டுகிற மழையில் ஒரு புள்ளியில் சாய்த்தார்கள். அரை இறுதியில் எதிரணிக் கோல்கீப்பர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். மலைச்சரிவில் மேய்கிற ஆடுகளுக்கெல்லாம் கழகத்தின் சிவப்புச் சாயம் பூசியாகிவிட்டது. இந்த லீட்ரிம் மாவட்டக் கோப்பையைத் தொட்ட கை எதுவும் ட்ரம்கார்னில் உயிரோடு இல்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. கழகச் செயலாளர் பாக்கி மெக்கின், தலைவரை அழைத்துப்போகக் காரோடு வந்திருந்தார். டெலியா மாடிப்படியின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"வயித்துக்கு முடியல பாக்கி. இப்பதான் அசந்தாரு."

"ஐயோ, ஃபைனலுக்குத் தலைவர் இல்லாமலா? நான் வேணா தூக்கிட்டுப் போறேன் டெலியாக்கா!"

"வேணாம்!"

பாக்கி மாடியைப் பார்த்துக் கத்தினார். "தலைவரே! பசங்களுக்கு ஏதாவது ரெண்டு வார்த்தை?"

யூனா மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணும் இல்லையாம்," என்றாள் டெலியா.

பாக்கியின் முகம் வெளிறியது. "பேச ஒண்ணும் இல்லைன்னா சொன்னாரு? டாக்டரக் கூப்பிடுங்க அக்கா, நிலைமை மோசம்."

கார் போனதும் டெலியா படியிலேயே உட்கார்ந்து குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று யூனா கேட்கவில்லை.

ரேடியோவை ஓவனின் தலைமாட்டிலேயே வைத்தார்கள். டெலியா அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். நகர அணி சீறிக்கொண்டு முன்னேறியது. ட்ரம்கார்ன் துரத்தியது. நகரம் ஒரு கோல் அடித்தது, ஒரே அடியில் மூன்று புள்ளி, "எவன்டா அங்க தூங்கறது!" என்று டெலியா கத்திவிட்டுக் கணவனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். மூன்று புள்ளி வித்தியாசம் இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. யூனா நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். எப்போது ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

கடைசி நிமிஷம். வெகு தூரத்திலிருந்து ஃப்ரீ கிக், இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனால் ஒரு புள்ளி. கார்மக்.

காலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது ஓவன் படுக்கையிலிருந்தே பாடம் எடுத்தார். "இடது கம்பத்தப் பாத்து அடிடா. காத்து உள்ள கொண்டுவரும்." அவன், "செரிப்பா, செரிப்பா, நூறு தடவ சொல்லியாச்சு," என்று திரும்பிப் பார்க்காமலே போனான்.

"இடது பக்கம் விலகிப் போகிறது," என்றது ரேடியோ. "விலகுகிறது... இல்லை! காற்று! காற்று திருப்புகிறது! உள்ளே!"

இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் கட்டில் ஆடியது. தலைவரின் தலையும் கொஞ்சம் ஆடியது. டெலியா ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள். ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி.

விசில் ஊதிவிட்டார்கள். ஆட்டம் சமன்.

டெலியா கொக்கியிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா, இனிமே எல்லாருக்கும் சொல்லலாமா?"

"மொதல்ல பாஸ்டன் மேஸ்திரிக்கு போன் போடு. அப்பன் செத்ததுக்கு ஒரு வாரம் லீவு குடுக்காமயா போயிடுவான்? வர்ற ஞாயித்துக்கிழம மறு ஆட்டம் ஆடிட்டு திங்கக்கிழம பிளேன் ஏறட்டும்." கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா, ஒனக்கும் ஒரு உபயோகம் இருக்கு."

மேஸ்திரி லீவு கொடுத்தான், அடுத்த திங்கட்கிழமை வரை, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்ற கண்டிப்போடு. டெலியா கடிகாரத்தை நிறுத்தினாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். முழுக்க இல்லை, ஒரு கை நுழைகிற அளவுக்கு.

அன்று மாலை கழகம் அவசரமாகக் கூடி, தலைவரின் மறைவுக்கு மரியாதை செலுத்தும் விதமாக, மறு ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தது.