அது வெறும் காபிதான்

"காபி மட்டுந்தான். கை நனைக்க மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டேதான் மாப்பிள்ளை வீட்டார் என் கடைக்குள் நுழைந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முடிகிற வரைக்கும் சோற்றையோ இனிப்பையோ தொடக் கூடாது, தொட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் சொந்தத்தில் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் சிதம்பரம் கோயிலில் வைத்து என்னைப் பார்த்தாயிற்று. அதோடு அவர்கள் ஊரான திருப்பாதிரிப்புலியூருக்குக் கிளம்பியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா ஞானாம்பாளுக்கு மட்டும் தெற்கு வீதியில் இருக்கும் என் கடையையும் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பார்க்கட்டுமே, நாலே மேசை என்றாலும் ஒவ்வொன்றும் நான் வார்னிஷ் அடித்தது.

மாப்பிள்ளை அன்புமணி போனைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவருடைய தாய்மாமன் கண்ணாயிரம் சுவரில் இருந்த விலைப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஐஸ் காபி, கோல்டு காபி, ஃப்ராப்பே, காபி மில்க் ஷேக்... எல்லாம் ஒண்ணுதானம்மா? பேர மாத்திப் போட்டு ஜாஸ்தியா வாங்குறீங்க."

இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு ஒருத்தராவது கேட்டுவிடுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று வரும்.

"ஒண்ணு இல்ல மாமா. ஐஸ் காபின்னா காபில ஐஸ் மெதக்கும். கோல்டு காபி ஜில்லுனு இருக்கிற பால்ல கலக்குறது. மில்க் ஷேக்குக்கு ஐஸ்கிரீம் போட்டு அடிப்போம். ஃப்ராப்பேல ஐஸையே காபியோட போட்டு அரைச்சிடுவோம். அரைச்சது சரியா இருந்தா, குத்தி வச்ச ஸ்பூன் நேரா நிக்கும்."

"வெவரமான பொண்ணுதான்" என்றார். சொன்ன விதத்தில் பாராட்டு இல்லை.

அப்பா கல்லாப் பக்கம் வந்து என் காதில் கிசுகிசுத்தார். "மில்க் ஷேக்கே போட்டுடு இளவரசி. ஐஸ்கிரீம தாராளமா போடு. இனிப்ப வாயில வச்சிட்டா அப்புறம் எங்க போயிடுவாங்க?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் என்னைக் கட்டிக்கொடுக்க இந்த மனுஷன் படுகிற பாட்டையும் நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். அன்புமணியும் மோசமாகத் தெரியவில்லை. நேற்று போனில் பேசும்போது, "கடை எப்படிங்க போவுது?" என்று அக்கறையாகத்தான் விசாரித்தார். நல்ல இடம்தான் போல என்று நினைத்தபடி ஃப்ரீசரிலிருந்து புது ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து வைத்தேன். பாலையும் காபியையும் கொஞ்சம் ஐஸையும் போட்டு மிக்சியை ஓடவிட்டேன்.

என் மிக்சி ஓடினால் கடையில் யார் பேசுவதும் கேட்காது. பேசுகிறவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவின் சீல் பிரிக்க மிக்சியை நிறுத்தினேன். அப்பா அதைக் கவனிக்காமல் கத்திக்கொண்டிருந்தார்.

"...இந்த மாசத்தோட கடைய காலி பண்ணிடுறோம்மா. கட்டட ஓனர்கிட்டயும் சொல்லிட்டேன். அவகிட்டதான் இன்னும் சொல்லல. சொன்னா கேட்டுக்குவா."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. யார் கடையை யார் காலி பண்ணுவது? பாண்டிச்சேரியில் ஒரு கடையில் கிளாஸ் கழுவி, அங்கேயே அரைக்கக் கற்றுக்கொண்டு, என் சம்பளத்தில் இந்த மிக்சியை வாங்கினேன். எந்த ஊர் காபித்தூள் குளிரில் கசக்கும், எது கசக்காது என்று பார்த்துப் பார்த்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டது நான். இவர் ஓனரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாராம். நான் கேட்டுக்குவேனாம்! அன்புமணியைப் பார்த்தேன். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். ஓகோ, அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் நேற்று கடை எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைப் பிரிக்காமலே ஃப்ரீசருக்குள் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டு மறுபடி மிக்சியைத் திருகினேன்.

கண்ணாடி கிளாஸ்களில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். ஞானாம்பாள் ஸ்பூனால் அள்ளி வாயில் வைத்து, "ஐஸ்கிரீம் நல்லாருக்குதே" என்றார். அப்பா காத்திருந்த மாதிரி கையைத் தட்டினார்.

"ஐஸ்கிரீம் சாப்ட்டாச்சா? அப்ப கை நனைச்சாச்சு சம்மந்தி!"

"அடடா, மாட்டி வுட்டுட்டாரே ஞானசேகரன்" என்று கண்ணாயிரம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "நனைச்சதுதான் நனைச்சாச்சு, பூவ வச்சிட்டுப் போவலாம்." ஞானாம்பாளும் சிரித்துக்கொண்டே பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். தயாராகத்தான் வந்திருக்கிறார்கள். என் தலையில் அந்தப் பூ ஏறிவிட்டால் கடையும் போய்விடும். நான் விறுவிறுவென்று போய் டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க சாப்ட்டதுல ஐஸ்கிரீம் இல்லம்மா. பாருங்க, சீலே பிரிக்கல. காபி, பால், ஐஸ் அவ்ளோதான். நீங்க சொன்னபடி யாரும் கை நனைக்கல."

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. "ஏய், வாய மூடு!"

"நீங்க பேசினதெல்லாம் கேட்டுதுப்பா" என்றேன். ஞானாம்பாள் பக்கம் திரும்பினேன். "நான் கடைய மூட மாட்டேன். கடையோட நான் வேணும்னா அந்தப் பூவ வைங்கம்மா. இல்லன்னா வாண்டாம்."

ஞானாம்பாள் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏதாவது ஒரு வார்த்தை, அவர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால்கூட எனக்குப் போதும். அன்புமணி கையிலிருந்த ஸ்பூனைக் கிளாஸில் குத்திவிட்டு எழுந்தார்.

"போலாம்மா, வெயில் ஏறிடும்."

பூ மறுபடி பைக்குள் போயிற்று. கண்ணாயிரம் மட்டும் நின்றபடியே தன் கிளாஸைக் கடைசி வரைக்கும் உறிஞ்சிவிட்டுப் போனார்.

கார் கிளம்புவதற்கும் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. ஆளுக்கொரு ஃப்ராப்பே கேட்டார்கள். அப்பா அந்த மேசையை விட்டு நகரவில்லை. எதிரே அன்புமணியின் கிளாஸில் நுரை மேலே ஒதுங்கி, காபி கீழே தெளிந்துகொண்டிருந்தது. நேராக நின்ற ஸ்பூன் மெல்லச் சாய ஆரம்பித்திருந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் உனக்கு நல்லதுதான..."

ஐஸை அள்ளிப் போட்டு மிக்சியைத் திருகினேன். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது.