நூறு வருஷத்துக்கு முந்தின பாஸ்

2009 மார்ச், திங்கட்கிழமை காலை ஏழரை மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் வடக்கு கேட்டில், வேலைக்கு வந்த நாற்பது பெண்கள் வெயிலில் நின்றார்கள். காவலர் ராஜமாணிக்கம் எந்த பாஸ் நம்பரைத் தட்டினாலும் திரையில் சிவப்புதான். 'காலாவதி.' பாஸ் முடிகிற தேதி மட்டும் எல்லாருக்கும் அடுத்த மாதம்தான் காட்டியது.

பாஸைச் சரிபார்க்கும் அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தை எழுதியவள் இர்பானா. மாதக் கணக்காக உட்கார்ந்து எழுதி, அன்றைக்குத்தான் முதல் முறையாக ஓடவிட்டிருந்தாள். ஆபீசில் அவள் கம்ப்யூட்டரில் அதே நாற்பது பேரும் பச்சையாகச் சிரித்தார்கள். எட்டு மணிக்குள் சரியாகவில்லையென்றால் பழைய நோட்டுக்கே போய்விடலாம், நீயும் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் சுப்பராயன் சொல்லிவிட்டார். வேலை போனால் வாப்பா பக்கீர் முகம்மது மறுபடி ஒரு வேலைக்கு அனுப்ப மாட்டார். பழவேற்காட்டில் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். பாஸ் தேதிகளை டைப் அடித்தவர்தான் தப்பாக அடித்திருப்பார் என்று பட்டியலை ஒவ்வொரு வரியாகத் துருவிக்கொண்டிருந்தாள். மூளை இருக்கிறவர்கள் பதற்றத்தில் செய்கிற வேலை அதுதான்.

ஏழே முக்காலுக்கு மேஜை முன்னால் வந்து நின்றாள் கங்கம்மா. பேக்கிங்கில் வேலை செய்கிறவள். வடக்கு கேட்டில் நின்று அலுத்துப்போய், சுவரைச் சுற்றிக்கொண்டு லாரி கேட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே பச்சை காட்டி உள்ளே விட்டுவிட்டார்கள். சத்தமில்லாமல் பேக்கிங் லைனுக்குப் போயிருக்கலாம். போகாமல் நேரே இங்கே வந்துவிட்டாள்.

"அதே பாஸுதாம்மா. அந்தப் பொட்டி போன்னுது, இந்தப் பொட்டி போவாதன்னுது. அப்போ பாஸு மேல இன்னா தப்பு கீது?"

இர்பானாவின் கை பட்டியலை விட்டுவிட்டது. லாரி கேட்டு கம்ப்யூட்டரில் புதிதாக வந்த பிரவுசரைப் போட்டவள் அவளேதான். தன் மேஜையிலும் அதுதான். வடக்கு கேட்டில் மட்டும் பழசு.

நம் ஊரில் யார் வருஷத்தை முழுசாக எழுதுகிறார்கள்? நாள், மாதம், பிறகு ஒரு 09. பிரவுசருக்கு மாதம்தான் முதலில் வேண்டும் என்று அதை முன்னால் மாற்றிப் போடத் தெரிந்தவள், அந்த 09-ஐ அப்படியே பிரவுசரிடம் கொடுத்து நீயே புரிந்துகொள் என்று விட்டிருந்தாள். புதியது 2009 என்று எடுத்துக்கொண்டது. பழையது 1909 என்று எடுத்துக்கொண்டது. நாற்பது பெண்களின் பாஸும் வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிந்துபோயிருந்தது.

இனி எந்தப் பிரவுசரையும் யோசிக்க விடக் கூடாது. தேதியை நடுவில் இருக்கும் சாய்கோடுகளில் வெட்டி மூன்று எண்களாக்கினாள். வருஷத்தோடு இரண்டாயிரம் கூட்டினாள். நாள் இது, மாதம் இது, வருஷம் இது என்று தனித்தனியாகக் கையில் கொடுத்தாள். எட்டடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது வடக்கு கேட்டில் பச்சை வந்தது. சுப்பராயன் டீ குடிக்கப் போனார்.

இர்பானாவின் மேஜை முன்னால் நின்ற நேரத்துக்குக் கங்கம்மாவை 'லேட்' என்று சூப்பர்வைசர் குறித்து வைத்திருந்தார். இர்பானா நேரில் போய், அவர் எதிரிலேயே அந்தக் குறிப்பை அடித்துப்போட வைத்தாள்.

மறுநாள் உம்மா செய்த இடியாப்பத்தை டப்பாவில் கொண்டுபோய் நீட்டினாள். "அக்கா, நீங்க வரலைன்னா நான் இன்னிக்கு ஊட்லதான் இருந்திருப்பேன். மறக்கவே மாட்டேன்."

கங்கம்மாவுக்குச் சிரிப்பு. "நான் ஒருத்தி உள்ள பூந்து இன்னாம்மா பண்றது? பேக்கிங் பெல்ட்டுக்கு ஒம்போது பேரு வோணும். மீதி எட்டு பேரும் வெளியதான நின்னாளுங்க."

இர்பானா அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை மாற்றினாள். பிரவுசர்களும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எது வந்தாலும் சோதனைக்கு அவள் முதலில் தட்டுவது ஒரே பாஸ் நம்பரைத்தான். கங்கம்மா உள்ளே போன பிறகுதான் மற்றவர்கள்.