சடையங்குப்பம் 284 (?)

துக்க வீட்டுக்கு என்ன வாங்கிப்போவது என்று சித்தார்த்துக்குத் தெரியவில்லை. எதையாவது வாங்கிப்போகலாமா கூடாதா என்பதும் தெரியவில்லை. வியாசர்பாடியில் பஸ் ஏறுவதற்கு முன்னால் நான்கு பாக்கெட் பிஸ்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். சடையங்குப்பத்தில் இறங்கி, இரண்டு பேரிடம் வழி கேட்டு, அந்த வீட்டின் முன்னால் வந்து நின்றபோதுதான் அது ஒரு மளிகைக் கடை என்பது அவனுக்கு உறைத்தது. கீழே கடை, மேலே வீடு. மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்த கடைதான். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. அதில் தொடை உயரத்துக்குச் சேற்றுத் தண்ணீர் நின்ற கோடு. வாசலோரமாக ஊறி உப்பிய சரக்கு ஒரு குவியலாகக் கிடந்தது. அவன் பையில் இருந்த அதே பிஸ்கெட், அதில் இரண்டு பெட்டி நிறைய இருந்தது.

சித்தார்த்துக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வருகிற பெட்டியின் நம்பரைச் சரிபார்த்து எழுதுவான். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் லாரியை ஓரங்கட்டிவிடுவான். டிரைவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது. அதே கையோடுதான் 'வடசென்னை மழைக்காரங்க' என்ற வாட்ஸ்அப் குரூப்புக்கு அவன் அட்மினாகவும் இருந்தான். முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஒரு மழைமானி, அவரவர் மொட்டை மாடியில். காலை எட்டரைக்கு அளந்து, ஊர் பெயரும் மில்லிமீட்டரும் போட வேண்டும். மழை இல்லாவிட்டால் பூஜ்யம் போட வேண்டும். அதை சித்தார்த் பட்டியலாக்குவான்; அதிகம் பெய்த ஊருக்கு அன்றைய முதலிடம். மே மாதம் முழுக்க முப்பத்தொரு பேரும் ஒருவருக்கொருவர் பூஜ்யம் அனுப்பிக்கொள்வார்கள். புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டால் குரூப் எழவு வீடு மாதிரி ஆகிவிடும். தெருவில் யாராவது "மழ வுட்டா தேவல" என்று சொன்னால் "ஆமா, பேஜாரு" என்று ஒத்துப்பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து ரேடார் படத்தில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

இவர்களில் சடையங்குப்பத்து மளிகைக் கடை ஆன்றோவுடைய நிலைமைதான் ரொம்பச் சிக்கல். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் பெய்தால் சடையங்குப்பத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். "கடைக்குள்ள தண்ணி வந்தா வூட்ல அசிங்கம், வர்லன்னா குரூப்ல அசிங்கம். நான் இன்னா நைனா பண்றது?" என்று ஒருமுறை வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். அவனுக்கும் சித்தார்த்துக்கும் குரூப்பில் ஆரம்பித்த பேச்சு தனிப் பேச்சாகி, மேகத்தில் தொடங்கி, வேலை, பெண், பரோட்டா என்று எங்கெங்கோ போய் மறுபடியும் மேகத்தில் வந்து நிற்கும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான். இருந்தும் சந்தித்ததில்லை. மழைக்காலத்தில் மானியை விட்டு நகர முடியாது. வெயில் காலத்தில் சந்தித்துப் பேச என்ன இருக்கிறது.

அந்த டிசம்பர் காலையில் மணலி 149, திருவொற்றியூர் 152, எண்ணூர் 147. எட்டு நாற்பத்தொன்றுக்கு ஆன்றோ போட்டான்: "சடையங்குப்பம் 284. இன்னா நைனா, அட்ச்சிட்டமா?" எண் ஊரோடு ஒட்டாவிட்டால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு முதலிடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விடுவது குரூப் வழக்கம். சித்தார்த் போட்டான். போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். தனியாகவும் ஒரு மெசேஜ் அனுப்பினான்: "மானிய மாடில வச்சிகிறியா, இல்ல பாத்ரூம்ல ஷவருக்குக் கீழ வச்சிகிறியா மச்சி?" எட்டு ஐம்பத்திரண்டு. சாம்பல் நிறத்தில் இரண்டு டிக். பதில் இல்லை. மறுநாள் காலைப் பட்டியலில் "சடையங்குப்பம் – வரவில்லை (ரோசம்)" என்று எழுதினான். ஏழு பேர் சிரித்திருந்தார்கள்.

அதற்கு மறுநாள் ராயபுரம் ரஹீமுன்னிசா டீச்சர் குரூப்பில் எழுதினார். நம் ஆன்றோ இறந்துவிட்டார். முந்தாநாள் காலை ஒன்பது மணிக்குக் கடைக்குள் தண்ணீரில் நின்று ஃப்ரிட்ஜை நகர்த்தும்போது ஷாக் அடித்துவிட்டது. டீச்சர் எழுதிய நேரம் காலை எட்டரை என்பதால், அந்தச் செய்திக்குக் கீழே இரண்டு பேர் படிக்காமலே தங்கள் ஊர் மழையைப் போட்டார்கள். பிறகு அழித்தார்கள்.

சித்தார்த்தும் தன்னுடைய ஷவர் மெசேஜை அழிக்கத்தான் பார்த்தான். அழித்தால் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று அந்த இடத்தில் ஒரு வரி நிற்கும். என்னவோ பெரிதாக எழுதியிருக்கிறான் என்று நினைப்பார்கள். அழிக்காவிட்டால் அந்த வீட்டில் யாராவது போனைத் திறக்கிற அன்று அதுதான் முதலில் தெரியும். யோசித்துக்கொண்டே இருந்ததில் அழிப்பதற்கான கெடு தாண்டிவிட்டது. ஐந்தாம் நாள் மதியம் யார்டில் நின்று பார்க்கும்போது இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தது. அன்றைக்கு ஒரு பெட்டியின் நம்பரைத் தப்பாக எழுதினான். ஒன்பதாம் நாள், மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கிளம்பி வந்துவிட்டான்.

மேலே கூடத்தில் படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் மெழுகுவத்தி. ஆன்றோ தன் புரொஃபைலில் எப்போதும் மேகத்தைத்தான் வைத்திருப்பான். குரலை வைத்து சித்தார்த் இத்தனை நாள் மனதில் ஒரு ஒல்லிப் பையனோடு பேசிக்கொண்டிருந்தான். படத்தில் கன்னம் உப்பிய, சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டிருந்த ஒருத்தன் சிரித்தான். ஆள் மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் இருந்தது.

"மழ அளக்குத தம்பியா?" என்றார் ஆன்றோவின் அம்மா சிலுவையம்மாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. "உம்ம பேரு சொல்லாம அவன் சாப்பிட்டதில்ல. அன்னைக்கும் நல்ல சந்தோசத்துலதான் கெடந்தான். சாமான் பூராம் மெதக்குது. இவன் போன வச்சுக்கிட்டு, 'எம்மா, இன்னைக்கு நாமதான் ஃபர்ஸ்டு'ன்னு சிரிக்கான். எனக்குன்னா அப்பிடி ஒரு எரிச்சல். 'மூதி, ஃப்ரிட்ஜ நவுத்துல'ன்னு ஏசினேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சித்தார்த் பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. "அம்மா, நான்..." என்று தொடங்கும்போது தங்கச்சி ஜெரினா வந்து டீயைக் கையில் கொடுத்தாள். கல்லூரிக்குப் போகிற வயது.

"குடிச்சிட்டு மாடிக்கு வாங்க."

மாடியில் சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் நேராக வடக்கு மூலைக்குப் போய் நின்றாள். கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, இரும்புக் குழாயில், எந்த மரமும் கூரையும் அண்டாத இடத்தில் மழைமானி இருந்தது. இவ்வளவு ஒழுங்காக வைத்ததை சித்தார்த் யார் வீட்டிலும் பார்த்ததில்லை, தன் வீட்டில் உட்பட.

"ஷவரு எங்க இருக்கு? காட்டுங்க."

அவன் தரையைப் பார்த்தான். "தெரியாம எழுதிட்டேன்மா."

"எங்கண்ணன் அதப் பாக்கல. அது ஒண்ணுதான் ஆறுதல். நான் பாத்தேன்." அவள் குரல் உயரவில்லை. "எட்டரைக்கு அளந்ததே நான்தான். ஆறு மணிக்கு அவன் பாத்தப்ப நூத்தி இருவத்தெட்டு. எழுதிகினு இருக்கும்போதே தண்ணி வந்துட்டுன்னு அம்மா கத்தவும், அப்பிடியே வச்சிட்டு ஓடியாந்துட்டான். எட்டரைக்கு என்னை அனுப்பினான். நூத்தி அம்பத்தாறுன்னு இங்கருந்தே கத்தினேன். ரெண்டையும் கூட்டித்தான் போட்டான். இதுல என்ன பொய்?"

"அப்பிடியே வச்சிட்டா?"

"ஆமா. ஏன்?"

பெருமழையில் நிரம்பிவிடாமல் நடுவில் அளந்தாலும் சரி, ஒவ்வொரு முறை அளந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிட வேண்டும். ஆறு மணித் தண்ணீரைக் கவிழ்க்காததால், எட்டரைக்கு அவள் பார்த்த நூற்று ஐம்பத்தாறுக்குள்ளேயே அந்த நூற்று இருபத்தெட்டும் இருந்திருக்கிறது. மூன்று மழைக்காலம் கவிழ்த்துப் பழகிய கை. அன்றைக்கும் கவிழ்த்துவிட்டதாகவே ஆன்றோ நினைத்திருப்பான். பெய்த மழை நூற்று ஐம்பத்தாறுதான். மணலியோடும் ஒட்டுகிறது, திருவொற்றியூரோடும் ஒட்டுகிறது. கேள்விக்குறி சரி.

"ஒண்ணுமில்லமா. கரெக்ட்டாதான் கீது. நான்தான் தப்பா போட்டுட்டேன்."

"அப்ப அந்தக் கேள்விக்குறிய எடுங்க. இப்பவே."

எடுத்தான். 'திருத்தம்: சடையங்குப்பம் 284. அன்றைய முதலிடம். அட்மின் தவறு' என்று குரூப்பில் போட்டான். அடுத்த நிமிஷமே பெரம்பூர் ரஞ்சித் கேட்டார்: "எந்த அடிப்படையில்?" சித்தார்த் "நேரில் ஆய்வு" என்று பதில் எழுதிவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டான். ஜெரினா கையிலிருந்த அண்ணன் போனில் அந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டு, அவன் வந்ததிலிருந்து முதல் தடவையாக மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைலருந்து நான் போடுறேன். அவன் நம்பர்லருந்தே. கத்துக்குடுங்க."

"அது... ஒனக்கு காலேஜ் இருக்கும்."

"எட்டரைக்குத்தானே. சொல்லுங்க. மொத என்ன செய்யணும்?"

அவன் சொல்வதற்குள் அவளே மானியின் குழலைத் தூக்கிவிட்டாள். கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "நூத்தி எழுவத்தொண்ணு. இது நேத்திக்கி மழையா?"

"இல்ல. ஒம்போது நாளு சேந்தது."

"அப்ப அன்னிக்கிப் பேஞ்சதும் இதுலதான் கெடக்கா?"

சித்தார்த் தலையை மட்டும் ஆட்டினான்.

"சரி. அளந்தாச்சு. இப்ப இந்தத் தண்ணிய என்ன செய்யணும்?"

அவன் மணலிப் பக்கம் தெரிந்த புகைபோக்கியைப் பார்த்தான். அதில் புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. காற்றில்லை. இன்றைக்கு மழை வராது.

ஜெரினா குழலை வெயிலுக்கு நேராகத் திருப்பினாள். உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்தன. அவளுடைய விரல் நூற்று ஐம்பத்தாறில் போய் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி நூற்று இருபத்தெட்டில் நின்றது. விரலை அவள் எடுக்கவில்லை. விரலுக்குப் பின்னால் ஒரு புழு மேலே ஏறி வந்து, தண்ணீரின் விளிம்பில் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, கோடு கோடாகத் தாண்டி மறுபடியும் அடியை நோக்கிப் போனது.