கழுத்தளவு

புகார் வந்த முகவரியை டிரைவர் சத்தமாக வாசித்தபோது அவள் டீயை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தெரு, தையல்காரர் வீடு, கொல்லையில் ஒரு நாய் கட்டியே கிடக்கிறது, நாற்றம் தாங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் போனில் சொல்லியிருந்தாள். அந்தத் தெருவில் தையல்காரர் ஒருவர்தான். அவர் அவளுடைய அண்ணன்.

அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சொந்தக்காரர்கள் மேல் புகார் வந்தால் வேறு அதிகாரிதான் போகவேண்டும் என்பது நகராட்சி விலங்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த விதி. அவளுக்கும் தெரியும். ஆனாலும் வண்டியில் ஏறும்போது, ஒரு எட்டு பார்த்துவிட்டு, அண்ணனை நாலு வார்த்தை திட்டி, நாயைக் குளிப்பாட்டி விட்டுவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் மனம் கணக்குப் போட்டது. டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரை எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். மீசையை எடுத்துப் பல காலம் ஆகியும் பேர் மட்டும் உதிரவில்லை. அவர் வழக்கம்போல முன் சீட்டுக்குக் கீழே நாய் பிடிக்கும் சுருக்குக் கம்பையும், கடிக்காமல் இருக்க மாட்டும் வாய்க்கட்டையும் சரிபார்த்துக்கொண்டார்.

அந்த நாயை வாங்கி வந்தது அண்ணி. பிள்ளை இல்லாத வீட்டில் அது பிள்ளை மாதிரிதான் ஓடித் திரிந்தது. உள்ளங்கை அளவுக் குட்டியாக இருந்தபோதே சிவப்புத் தோல்பட்டை ஒன்றைத் தானே அதன் கழுத்தில் மாட்டி, "மாப்பிள்ளை மாதிரி இல்ல?" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். அது நன்றாக வளர்வதற்குள் அண்ணி படுக்கையில் விழுந்தாள். எழவே இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் தையல் மெஷினுக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். தைக்க வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தார். போன் பண்ணினால் எடுப்பார். "சாப்டியாண்ணா?" என்றால் "ம்" என்பார். அந்த "ம்" போதும் என்று அவளும் போனை வைத்துவிடுவாள்.

கதவைத் திறந்தவரைப் பார்த்து ஒரு கணம் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். தாடி வளர்ந்து, சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது.

"வா பாப்பா" என்றார். நாற்பதைத் தாண்டியவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் இன்னும் அவர் ஒருவர்தான் மிச்சம். அப்புறம் அவளுக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் நின்ற மீசையையும், வாசலில் நின்ற கூண்டு வண்டியையும் பார்த்தார். "ஓ" என்றார். ஒதுங்கி வழி விட்டார்.

கொல்லைக் கதவைத் திறந்ததுமே மீசை மூக்கைப் பொத்திக்கொண்டார். அவளுக்கு அந்த வாடை பழக்கம். அது மலமோ மூத்திரமோ இல்லை, அழுகும் சதை. நாய் சுவரோரம் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, வாலை மட்டும் தரையில் அடித்தது. தட்டில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. வாளியில் பாதித் தண்ணீர். பட்டினி போட்ட வீடு இல்லை இது. அவள் குந்தி உட்கார்ந்து கழுத்து முடியை விலக்கினாள். பட்டையைக் காணவில்லை. சங்கிலி மட்டும் சதைக்குள் போனது. விரலை வைத்து மெல்ல அழுத்தியபோதுதான், வீங்கிப் பிளந்த சதைக்கு நடுவில், கறுத்துப் போன தோலின் விளிம்பு தெரிந்தது. அங்கே புழு நெளிந்தது. நாய் வளர்ந்திருக்கிறது. பட்டை வளரவில்லை. அதைத் தளர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மேடம்," என்றார் மீசை, குரலைத் தாழ்த்தி. "இது எச்சரிச்சு விடற கேஸ் இல்ல."

"தெரியும்."

"தூக்கிட்டுப் போயி ஆபரேஷன் பண்ணணும். கேஸ் போட்டே ஆகணும்."

"தெரியும்னு சொல்றேன்ல."

அவர் அவளையும் கதவருகே நின்ற அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மூக்கு. அவருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் போகிற சாக்கில் அங்கிருந்து நகர்ந்தார்.

அவர் வாய் திறக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தெருவில் கிடந்தது என்று பதிந்து நாயைக் கொண்டுபோய்விடலாம். ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. போன மாதம், இதேபோல் காயம்பட்ட கழுதையை வைத்திருந்த செங்கல் சூளைக்காரி காலில் விழாத குறையாகக் கெஞ்சியபோது, "எனக்கு உங்க மேல கோவம் இல்லம்மா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொன்னது இதே வாய்தான். அந்தப் பெண் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். அந்தக் கை இப்போது கண் முன்னால் வந்து நின்றது.

போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "சார், நான் வந்திருக்கிறது என் சொந்த அண்ணன் வீட்டுக்கு. வந்தே இருக்கக்கூடாது. வேற ஆள அனுப்புங்க. டாக்டரையும் தயாரா இருக்கச் சொல்லுங்க." அவர் சரி என்றார்.

காத்திருக்கும்போது இருவரும் கொல்லைப்படியில் உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் அடிவாங்கிக்கொண்டு இப்படித்தான் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நாய் தலையைத் தூக்கி அவர்களைப் பார்ப்பதும் படுப்பதுமாக இருந்தது.

"நீயே எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல" என்றார் அண்ணன்.

"முடியாதுண்ணா."

"சரி" என்றார். "நான் அத அடிச்சதில்ல பாப்பா. தெனம் சோறு வெச்சேன். சில நாள் எனக்கு ஆக்கலன்னாலும் அதுக்கு ஆக்கினேன். கதவத் தொறந்து தட்ட வெச்சுட்டுச் சாத்திருவேன். அது மூஞ்சியப் பாக்கறதில்ல. பாத்தா அவளத் தேடுது."

அவள் தட்டில் காய்ந்து ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தாள்.

"எத்தன பேரு கழுத்துக்கு அளவு எடுத்திருக்கேன்" என்றார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு விரலு உள்ள போகணும். பட்டன் போட்டப்பறமும் போகணும். இல்லன்னா பிரிச்சுத் தைப்பேன்."

அந்த விரல்கள் அப்படியே காற்றில் நின்றன. அவள் அவற்றைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள்.

"போன தடவ நீ வந்தப்பகூட இது கத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார். "நீதான் கதவச் சாத்துண்ணா, பேசறது கேக்கலன்னு சொன்ன."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நாய் கத்தும் தொனியை வைத்தே பசியா வலியா என்று சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பேர்.

வந்த அதிகாரி சின்னப் பெண். அவளே பழக்கிவிட்டவள். முகம் வெளிறிப்போய், ஆனால் கற்றுக்கொடுத்தபடியே ஒன்றுவிடாமல் கேட்டாள். கடைசியாக மருத்துவரிடம் எப்போது காட்டினீர்கள்? வெளியே கூட்டிப்போவதுண்டா? எவ்வளவு காலமாக ஒரே இடத்தில் கிடக்கிறது? வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்கிறார்களா? "இல்லம்மா, இல்லம்மா" என்றார் அண்ணன் எல்லாவற்றுக்கும். கேள்விகள் நாயைப் பற்றியவைதான். தங்கைக்கு அவை வேறு யாரையோ பற்றியும் கேட்பதாகப் பட்டது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

கூண்டுக்குள் ஏற்றும்போது நாய் முரண்டு பிடிக்கவில்லை. அண்ணன் வண்டிப் பக்கம் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, என்னையும் இப்பிடித் தூக்கிட்டுப் போக ஏதாவது சட்டம் இருக்கா?" என்று கேட்டார். சின்னப் பெண் அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். மீசை வண்டியைக் கிளப்பினார்.

நாய் பிழைத்துக்கொண்டது. வழக்கு நடந்தது. அண்ணன் எதையும் மறுக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு எந்தப் பிராணியும் வளர்க்கக்கூடாது, அந்த நாயின் பக்கமே போகக்கூடாது என்று தீர்ப்பானபோது, மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். சித்தி போனில் பிடிபிடியென்று பிடித்தாள். "பொண்டாட்டியப் பறிகொடுத்து நிக்கிறவன, கூடப்பொறந்தவளே கூண்டுல ஏத்திட்டியேடி!" அவளுடைய கணவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது இன்னும் கனத்தது. அவள் வாரத்தில் பாதி நாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சமைத்து எடுத்துப் போனாள், கூட உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டார். "நீ செஞ்சது சரிதான்" என்று ஒருமுறை சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து, நாயைச் சேர்த்திருந்த விலங்குக் காப்பகத்தின் கேட்டைத் தாண்டி வெளியே வந்தவள், எதிரே பஸ் நிறுத்தத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஷேவ் பண்ணியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்க வந்தவர் மாதிரி முழங்கால் மேல் கையை வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவள் சாலையைக் கடந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள வரக்கூடாதுல்ல" என்றார்.

"ம்."

"கட்டுப் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சுண்ணா."

"சாப்புடுதா?"

தூரத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்து, நாயைத் தத்தெடுத்து, குழந்தைகளோடு காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. காரின் கண்ணாடி வழியாக அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா சாப்புடுது" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்து அவர்களுக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றது. கதவு திறந்தது. கண்டக்டர் படியில் நின்று, ஏறப் போகிறார்களா என்று இருவரையும் பார்த்தார். இருவரும் அசையவில்லை. கதவு சாத்திக்கொண்டது. பஸ் நகரும்வரை அண்ணன் கழுத்தை நீட்டி, ஜன்னல்களின் இடைவெளி வழியாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.