ஓரத்தில் ஆடும் கை

தறிக்குடோனில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. சூலூரில் பாலுசாமியின் குடோனில் எல்லாத் தறிகளும் சேர்ந்து ஓடும்போது, பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவது மட்டும் தெரியும். அதனால் அங்கே பேச்செல்லாம் கையில்தான். கையைத் தூக்கி ஆட்டினால் இங்கே பார் என்று பொருள். விரலைச் சுழற்றினால் நூல் தீர்ந்துவிட்டது. கழுத்துக்குக் குறுக்கே வீசினால் தறியை நிறுத்து. அந்தக் குடோனில் முதலாளி ஆட்டும் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் நிற்பது, முகத்துக்கு நேராக அவரை அவமதிப்பதற்குச் சமம்.

ரூபன் அன்றைக்கு அதைத்தான் செய்தான்.

தறி நாடாவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் மெஷினில் உட்கார்ந்திருந்த இனியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் புருஷன் இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவே நின்று முன்னால் இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இடது பக்கம், எட்டித் தொடுகிற தூரத்தில் பாலுசாமி நின்று கையை ஆட்டினார். அப்புறம் இரண்டு கையையும் ஆட்டினார். மற்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரூபன் மட்டும் திரும்பவில்லை. ஓரத்துத் தறியில் இழை அறுந்து, துணி நெடுகக் கோடு விழுந்துகொண்டிருந்தது.

பாலுசாமி மெயின் சுவிட்சை இறக்கினார்.

"ஏண்டா ரூபா, நானென்ன இங்க காக்கா ஓட்டிட்டா நிக்கறேன்?"

"பாக்கலீங்க மொதலாளி."

"பாக்கலியாமா. உங்கொப்பன் எங்க தோட்டத்துல இருந்தப்ப, கூப்புடறதுக்கு முந்தி வந்து நிப்பான். நீ பள்ளிக்கொடம் போனவன், கழுத்துத் திரும்பாது."

"சத்தியமாப் பாக்கலீங்க."

"அப்பக் குடிச்சிருக்கறே. தறிக்காரனுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு வேணும்டா. இன்னொருக்கா இப்படி நின்னீன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்."

ரூபன் குடிக்கிறவனல்ல. ஆனால் இனியாவுக்கே சில மாதங்களாக அவன் மேல் ஒரு வருத்தம் இருந்தது. பக்கத்தில் நின்று டம்ளரை நீட்டினால் வாங்கமாட்டான். கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பார்வை மங்கியிருக்குமோ என்று கண்ணாடிக்கடைக்கும் அனுப்பிப் பார்த்தாயிற்று. அங்கே கடைசி வரியின் பொடி எழுத்துவரை தடுக்காமல் படித்துவிட்டு வந்தான். அந்த எழுத்துப் பலகை காட்டுவது நேர்ப்பார்வையின் கூர்மையை மட்டும்தான். ஓரத்தில் என்ன தெரிகிறது என்று அது கேட்பதே இல்லை. இது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

அந்த வாரமே அவன் மகள் எழிலை மொபெட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். திருச்சி ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது வலப்பக்கமிருந்து பஸ் வந்தது. பிள்ளை அலறிச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் வண்டி மண்ணில் சாய்ந்தது. பஸ் உரசாமல் போனது. ரூபன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். பிள்ளையின் முழங்காலில் ரத்தம்.

"பஸ்ஸு வந்ததே தெரியல அம்மணி. எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியல. எனக்குப் புத்தி பெசகிருச்சு." வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "இனி என்ற கையில புள்ளையக் குடுக்காத."

இனியா பிள்ளையின் காலைக் கழுவிவிட்டு வந்தாள். அவளுக்குப் பஸ்ஸும் பாலுசாமியின் கையும் டம்ளரும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் பக்கவாட்டில். அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, என்ற மூக்கையே பாருங்க. திரும்பக்கூடாது." குடோனில் கூப்பிடுவதுபோல் இரண்டு கைகளையும் அகல விரித்து ஆட்டினாள். "எந்தக் கை ஆடுது?"

"கையே காணோமே."

கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தாள். அவை அவள் தோளுக்கு நேராக வந்தபிறகுதான் அவனுக்குத் தெரிந்தன. இரண்டு பக்கமும் அப்படியே. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரிதா ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து, "கண்ணுல ஒண்ணுமில்லீங்க. கண்ணுக்குப் பின்னாடிதான்" என்றாள்.

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. அவற்றில் இரண்டாவது பார்வை நரம்பு. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு நரம்புகள் பின்னோக்கிப் போய், புருவ மத்திக்குப் பின்னால் மண்டைக்குள்ளே சந்திக்கின்றன. அங்கே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு நரம்பிலும் பாதி இழைகள் அந்தந்தப் பக்கத்திலேயே போய்விடும். விழித்திரையில் மூக்கை ஒட்டிய பாதியிலிருந்து வரும் இழைகள் மட்டும் நடுவில் ஒன்றையொன்று தாண்டி எதிர்ப்பக்கம் போகும். கண்ணுக்குள் உருவம் புரண்டு விழுவதால், வெளி ஓரத்தில் தெரிவதையெல்லாம் சுமந்து போவது இந்தத் தாண்டிப் போகும் இழைகள்தாம். அந்தச் சந்திப்புக்கு நேர் கீழே, எலும்புக் குழியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. ரூபனுக்கு அதில் ஒரு கட்டி வளர்ந்து, நெல்லிக்காய் அளவில் மேலே முட்டிக்கொண்டிருந்தது. அது நசுக்கியது நடுவை. போனது இரண்டு ஓரங்கள். ஓரம் போனால் அங்கே இருட்டு தெரியாது. முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியாதோ, அப்படி அங்கே எதுவுமே இருக்காது. அதனால்தான் இழந்தது அவனுக்கே தெரியவில்லை.

"புத்தி பெசகலீங்களா?" என்று ரூபன் கேட்டான்.

"உங்க புத்தி நல்லாத்தான் இருக்கு. மூக்கு வழியாப் போய் கட்டிய எடுத்துரலாம். ஆனா நசுங்கின இழை எத்தனை உசிரோட இருக்குதுன்னு எடுத்தப்புறம்தான் தெரியும். செத்ததை எழுப்ப முடியாதுங்க. தள்ளிப்போடாதீங்க."

தள்ளிப்போட்டது அவர்களல்ல. அறுவை சிகிச்சைக்கு முறை வர வேண்டியிருந்தது. லீவு சொல்லப் போனபோது பாலுசாமி இனியாவை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணு கெட்டவனா இத்தனை நாள் வண்டி ஓட்டுனான்? கதை சொல்றக்கு ஆளைப் பாரு அம்மணி." தினமும் காலையில் அவள் ரூபன் முன்னால் உட்கார்ந்து கைகளை விரித்தாள். ஒவ்வொரு நாளும் கைகள் இன்னும் கொஞ்சம் உள்ளே வர வேண்டியிருந்தது. ஒரு நாள் அவை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அதற்கப்புறம் அவள் கையை விரிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

அறுவை முடிந்தது. மூக்கு முழுக்கப் பஞ்சு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். டாக்டர் ஹரிதா கட்டிலின் கால்மாட்டில் நின்று விரல்களை ஆட்டிப் பார்த்தாள். வலது ஓரத்தில் பார்வை லேசாகத் திரும்பியிருந்தது. இடது பக்கம் ஒன்றும் இல்லை.

"மாசக்கணக்குல மெதுவா வரலாம். வராமயும் போகலாம்" என்றாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் பாலுசாமி வந்தார், கையில் ஆப்பிள் பையோடு. கட்டிலுக்கு இடது பக்கம் வந்து நின்றவர், பழக்கத்தில் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கி ஆட்டினார். ரூபன் கண்ணை விழித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கிடந்தான். திரும்பவில்லை. அவர் மறுபடி ஆட்டினார். குடோனில் நின்ற அதே தூரம்தான். அவர் முகம் மாறுவதை இனியா பார்த்தாள்.

"ரூபா" என்றார்.

அவன் தலையை முழுக்கத் திருப்பி, பதறி எழப் பார்த்தான்.

"படுடா. எந்திரிக்காத."

"மொதலாளி, என்ற தறிக்கு ஆளு போட்டுட்டீங்களா?"

"இன்னும் போடல."

"போட்டறாதீங்க. எனக்கு வந்துரும்ங்க. வேணும்னாப் பாருங்க. அங்கயே நில்லுங்க, கையை ஆட்டுங்க. நான் சொவத்தைப் பாக்கறேன்."

பாலுசாமி ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ரூபன் சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியை இமைக்காமல் பார்த்தான். கண்ணில் நீர் கட்டியது.

"ஆட்டறீங்களா?"

"ஆட்டீட்டுத்தாண்டா இருக்கறேன்."

"நிறுத்தாதீங்க."

அவர் நிறுத்தவில்லை. வெகுநேரம் ஆட்டினார். வயசான கை. கடைசியில் தளர்ந்து, வேட்டியோடு ஒட்டித் தொங்கியது.

"தெரியுதுங்க" என்றான் ரூபன். "இப்பத் தெரியுது. ஓரத்துல ஆடுது."

தொங்கிய கை அசையவில்லை. பாலுசாமி இனியாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கையை மெதுவாக மேலே தூக்கி, மறுபடி ஆட்டத் தொடங்கினார்.

"ஆமாடா" என்றார். "ஆட்டறேன்."