ஒன்பதாம் எண் பனியன்

“கொக்கோட மெடிக்கல் ஃபைல் எனக்கு வேணும் சார்.”

அந்தக் கால்பந்துக் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளிடம் மூன்று விஷயங்கள் சொல்லியிருந்தார்கள். ஆட்டக்காரர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. டைரக்டர் கார் நிறுத்துகிற இடத்தில் சைக்கிளைக் கொண்டுபோய்ச் சொருகக் கூடாது. மெடிக்கல் ஃபைலை எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக் கூடாது. முதல் இரண்டையும் இரண்டு வருடமாகக் காப்பாற்றி வந்தாள்.

டைரக்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் பயிற்சி மைதானம், வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

“உனக்கு எதுக்கும்மா அது?”

“விலை போடச் சொல்லியிருக்கீங்க. முழங்காலைப் பாக்காம ஸ்ட்ரைக்கருக்கு எப்படி சார் விலை போடறது?”

“வயசு இருக்கு, அடிச்ச கோல் இருக்கு, ஒப்பந்தத்துல பதினெட்டு மாசம் பாக்கி இருக்கு, ஓட்டக் கணக்கு இருக்கு. கூட்டிக் கழிச்சுப் போடு. மாடா வாங்கறாங்க, வாயைத் திறந்து பல்லைப் பாக்க?”

“மாடு வாங்கறவன் பல்லைப் பாத்துட்டுத்தான் சார் காசை எடுப்பான்.”

டைரக்டர் சிரித்தார். பதில் இல்லாத இடங்களிலெல்லாம் அவர் சிரிப்பார். பிறகு சிரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னார்: “வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குள்ள உன் கையெழுத்தோட அறிக்கை போகணும். அஞ்சு மணிக்குக் கிளப் மாத்தற பதிவு மூடிடும். டாக்டர் வேலையை டாக்டர் பாப்பார். உன் வேலை அட்டவணை. அவ்வளவுதான்.”

கொக்கு என்பது அணியின் ஒன்பதாம் எண். நெட்டையாக, ஒல்லியாக, கோல் கம்பத்துக்கு எதிரே சும்மா நின்றுகொண்டிருப்பான். தடுப்பவர்கள் அவனை மறந்த நொடியில் ஒரே கொத்து, பந்து வலைக்குள் கிடக்கும். இந்தப் பருவத்தில் மட்டும் பத்தொன்பது கோல். இருபத்தேழு வயது. பணக்காரக் கிளப் ஒன்று அவனைக் கேட்டிருந்தது. கொக்கை விற்றுத்தான் இந்த வருடம் கூரை வேய வேண்டும் என்கிற நிலையில் இந்தக் கிளப் இருந்தது.

வாங்குகிறவர்களின் டாக்டரும் ஒரு மணி நேரம் காலை மடக்கி நீட்டிப் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் வீக்கத்தை அடக்கி வைக்க வழி இருக்கிறது. படத்தில் பழைய தழும்பு தெரியும். எந்த ஆட்டக்காரன் காலில்தான் தழும்பு இல்லை? அதற்குமேல் அவர்கள் நம்புவது பன்னிரண்டு மாத ஓட்டக் கணக்கை. ஆட்டக்காரர்கள் சட்டைக்குள் ஒரு பனியன் போடுவார்கள். அதில் தோள்பட்டைகளுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. எத்தனை தூரம், எவ்வளவு வேகம், இடது காலில் எவ்வளவு பாரம், வலது காலில் எவ்வளவு பாரம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். அதை அட்டவணையாக்கி, விலை எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் மின்னஞ்சலிலிருந்தே இரண்டு கிளப்புக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதுதான் அவள் வேலை. நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காகக் கால்பந்துச் சங்கம் போட்ட விதி அது.

ஆட்ட நாட்களில் ஒன்பதாம் எண் பனியன் சொன்னது: வலது அறுபத்தொன்று, இடது முப்பத்தொன்பது. பயிற்சி நாட்களில் அதே பனியன் சொன்னது: ஐம்பது, ஐம்பது. கருவி கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று காலை முழுக்கக் கொக்கு அலுவலகத் தாழ்வாரத்தில் சுவரொட்டிப் படத்துக்காகச் சாய்ந்தும் நிமிர்ந்தும் நின்றுகொண்டிருந்தான். விளக்குக் கம்பிகளைத் தாண்டித்தான் அவள் தன் அறைக்கே போக வேண்டியிருந்தது. அதே காலையில் ஒன்பதாம் எண் பனியன் மைதானத்தில் எட்டரைக் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஐம்பது, ஐம்பது.

வேறு யாரோ அதைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். திருடியவர்களுக்குத் தேதி பார்க்கக்கூடத் தெரியவில்லை. வாங்குகிறவர்கள் ஏமாறட்டும் என்றல்லவா செய்தார்கள், சொந்த அலுவலகத்தில் ஒருத்தி உட்கார்ந்து படிப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஃபைலை டைரக்டர் தரவில்லை. ஐஸ் அண்ணன் தந்தார். எப்போதும் கையில் ஐஸ் பையோடு திரிகிற, அணியின் பிசியோதெரபிஸ்ட். வியாழக்கிழமை மதியம், துவைத்த துண்டுகளுக்கு நடுவில் ஒரு பழுப்புக் கவரை வைத்து நீட்டினார்.

“நான் குடுக்கல. நீ வாங்கல. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா.”

“எவ்வளவு நாளாண்ணா?”

“ஏழு மாசம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் வலி தெரியாம இருக்க டாக்டர் ஊசி போடறார். குருத்தெலும்பு தேஞ்சே போச்சு. எலும்பு எலும்போட உரசுது. பக்கத்துல நின்னா சத்தமே கேக்கும்.” அவர் துண்டுகளை மீண்டும் மடித்தார். ஏற்கனவே மடித்தவைதான்.

கொக்கு மசாஜ் அறையில் இடது காலை நீட்டிப் படுத்திருந்தான். காலைச் சுற்றி ஐஸ்.

“வாங்க கணக்கு டீச்சர்! எத்தனை போட்டீங்க? பத்தா, பதினொண்ணா? என் மச்சான் பன்னெண்டு கோடிங்கறான். அவனே வாங்கறதா இருந்தா ரெண்டு பாட்டில் சோடா தருவான்.”

அவள் கவரை எடுத்தாள். “அண்ணா, இது உங்க ஸ்கேன்.”

அவன் உள்ளங்கையைக் கவர்மேல் அழுத்தி வைத்தான். ஐஸ் தொட்ட கை, காகிதம் ஈரமானது.

“பிரிக்காத.”

“உங்க காலுண்ணா. உங்களுக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சா நான் மறைக்கறவன் ஆயிடுவேன். இப்ப நான் வெறும் வலி இருக்கற ஆட்டக்காரன். வலி எல்லாருக்கும்தான் இருக்கு.”

“வலி இல்லண்ணா இது. உள்ள ஒண்ணுமே...”

“சொல்லாதன்னு சொல்றேன்ல!”

ஐஸ் துண்டுகள் தரையில் சிதறின. வெளியே யாரோ விசிலடித்தபடி கடந்து போனார்கள். அவன் குரல் இறங்கியது.

“மாடிப்படி ஏறும்போதே அது சொல்லிடுதும்மா. உன் கவர் வந்துதான் சொல்லணுமா?”

“அங்க போனாலும் ஊசி போட்டுத்தான் இறக்குவாங்க. போட்ட காசை எடுக்கணும்ல. மூணு வருஷத்துல நடக்கவே முடியாது உங்களால.”

“மூணு வருஷச் சம்பளம் கைக்கு வந்துடும்ல? இங்கயே இருந்தா பதினெட்டு மாசம். அப்பறம் கேட்டுக்கு வெளிய. பந்தை உதைக்கறதை விட்டா எனக்கு என்ன தெரியும்? உன்னை மாதிரி படிச்சிருக்கேனா?” அவன் தன் முழங்காலை யாருடையதோ போலப் பார்த்தான். “எப்படியும் போகப் போற கால். விலை இருக்கும்போது வித்துடறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம். அந்த இடது வலது கட்டத்தை மட்டும் எடுத்துடு. கோளாறு இல்லன்னு போடும்மா.”

இல்லன்னு போடும்மா.

இதை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அதே சொல், அதே தணிந்த குரல். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கிடங்கில் மூட்டை தூக்குகிற அப்பாவுக்கு முதுகுத்தண்டில் வட்டு நழுவி, ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பப் படிவம் வந்தது. வீட்டில் ஒரு முழு வாக்கியம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ‘வலி உள்ளதா?’ என்றொரு கேள்வி. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார், இல்லன்னு போடும்மா. போட்டாள். குண்டு குண்டாக, கோடு தாண்டாமல். மேஸ்திரி அந்த எழுத்தைப் பாராட்டினார் என்று அப்பா வந்து பெருமையாகச் சொன்னார். எட்டு மாதம் கழித்து ஒரு மூட்டையின் அடியிலிருந்து அவரை இழுத்து எடுத்தார்கள். இப்போது ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாதான் குளிப்பாட்டி விடுகிறாள். இதுவரை ஒரு நாள்கூட அவர் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

“பாக்கறேண்ணா,” என்றாள்.

அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். “தங்கம்மா நீ,” என்றான்.

இரவெல்லாம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. உண்மையை எழுதினால் அவன் சோற்றில் மண். பொய்யை எழுதினால் அவன் காலில் மண். இரண்டிலும் அவளுக்கு ஒரு கை உண்டு. மூன்றாவதாக ஒரு வழி இருந்தால், அது படித்தவர்களுக்குத் தெரியும் என்றுதானே அவளைப் படிக்க வைத்தார்கள்? நான்கு வருடப் படிப்பில் அப்படி ஒரு பாடம் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு டைரக்டர் கூப்பிட்டார்.

“எவனோ என் இடத்துல சைக்கிளை நிறுத்தி வச்சிருக்கான். காரை ரோட்டுல விட்டுட்டு வெயில்ல நடந்து வரேன்,” என்று எரிந்து விழுந்துவிட்டு, தானே அச்சடித்து வைத்திருந்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். இடது வலது கட்டம் இல்லை. பயிற்சி ஓட்டங்கள் எல்லாம் இருந்தன. அடியில் பதினோரு கோடி. அதற்கும் அடியில் அவள் பெயர். பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

“இதையே உன் மெயில்ல போட்டு அனுப்பிடு. அடுத்த மாசத்துலேர்ந்து இந்தப் பிரிவுக்கு நீதான் தலைமை. அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன். கவலைப்படாத. நம்ம டாக்டரையே வீட்டுக்கு அனுப்பறேன்.”

“நம்ம டாக்டரையா?”

அந்த வாரத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நன்றாக இல்லை. டைரக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“கையெழுத்துப் போட்டாச்சு சார். பன்னெண்டு மணிக்கே. ரெண்டு கிளப்புக்கும் போயிடுச்சு.”

“எது போச்சு?”

“ஆட்ட நாள் கணக்கு மட்டும். இடது வலது கட்டத்தோட. பயிற்சிக் கணக்கு ஒன்பதாம் எண்ணோடது இல்லன்னு ஒரு வரி. ஸ்கேனை அனுப்பல. அது அவர் உடம்பு.”

டைரக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெதுவாகத்தான் கேட்டார். “யாருக்கு நல்லது பண்ணிட்டதா நினைக்கற நீ? அவன் உன்னை மன்னிப்பானா?”

“மாட்டார் சார்.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் தாளின்மேல், தன் பெயரின்மேல் வைத்தாள். அவள் கதவைத் திறக்கும்போதே மேஜையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

தாழ்வாரத்தில் கொக்கு புதுச் சட்டை போட்டு, முடி வெட்டி, புகைப்படத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தான். அப்பா பிடித்த மாதிரியே.

“ஆச்சா டீச்சர்?”

“ஆச்சுண்ணா. உள்ளதை எழுதி அனுப்பிட்டேன்.”

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எத்தனை போட்ட?”

“விலைக் கட்டத்துல எதுவும் எழுதலண்ணா.”

“ஓசிக்கே குடுத்துட்டியா என்னை?” என்றான். சிரிக்க முயன்றான். பிறகு சுவரிலேயே சரிந்து உட்கார்ந்து, இடது காலை நேராக நீட்டி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான். “என் மச்சான்கிட்ட என்னன்னு சொல்லுவேன்...” அவளிடம் கேட்கவில்லை; காலிடம் கேட்டான்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் அவன் அதையும் சுமக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக்கு அப்பால் மைதானத்தில் யாரோ ஒருவன், யாருடைய கணக்கிலோ, வட்டமாக ஓடிக்கொண்டிருந்தான்.

வெளியே வெயில் அப்படியே இருந்தது. காலை எட்டு மணிக்கு அவள் டைரக்டர் இடத்தில், நட்ட நடுவில் நிறுத்திவைத்த சைக்கிளும் அப்படியே இருந்தது. பூட்டைத் திறந்தாள். சீட்டு சுட்டது. ஏறாமல் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனாள்.