மசாலே வரிசைக்கு அப்பால்

கிசாரோ ஊரில் அமினியேலியின் வாசலுக்கும் அவன் தம்பி கிவியாவின் வாசலுக்கும் நடுவே இருபது தப்படி தூரம். நடந்து போக அரை நாள் பிடிக்கும். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம்; வழியில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் அந்தச் சாப்பாடும் ஆறிப்போகும். வாய்க்கால் கரையோரமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. ஆனால் சத்தத்துக்கும் வாசனைக்கும் இந்தத் தூரம் கிடையாது. கிவியா வீட்டில் வாழைக்காய் அடிப்பிடித்தால் அமினியேலி வீட்டில் மூக்கைப் பொத்துவார்கள். அமினியேலி இருமினால், "பாத்து இருமுண்ணே. செத்துகித்துப் போனா மண்ணள்ளிப் போட நான் மத்தியானம்தான் வர முடியும்" என்று கிவியாவின் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்த ஒரு தை மாதத்தில் இது தொடங்கியது. மலைக்காட்டிலிருந்து இறங்கும் வாய்க்காலில் வீட்டுக்கு ஒரு முறைத் தண்ணீர். கிவியாவின் முறையன்று அமினியேலி மடையைத் தன் காப்பி நாற்றுப் பக்கம் திருப்பிவிட்டான். தம்பியின் நாற்றுகள் கருகின. அந்த மலையில் தப்புச் செய்தவனுக்கு ஒரு வழி உண்டு. எல்லையில் நட்டிருக்கும் மசாலே செடியில் ஓர் இலையைப் பறித்து, முடிச்சுப் போட்டு, எதிராளி கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவன் மன்னித்தே ஆக வேண்டும். கொலைகாரன் நீட்டினாலும் தள்ளக்கூடாது. அமினியேலியும் இலையோடு போனான். அவனுடைய மசாலே செடிகள் தோப்புக்குப் பின்னால், திருப்பிவிட்ட தண்ணீர் தேங்கிய சேற்றைத் தாண்டி இருந்தன. தம்பி நட்ட வரிசை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை. தம்பி வரிசையிலேயே ஒன்றைப் பறித்துக்கொண்டான். கிவியாவின் மனைவி ஐக்காண்டே கிபோஷோவிலிருந்து கொண்டுவந்த செடி அது. ஊரிலேயே அதற்கு மட்டும்தான் இலையோரத்தில் மஞ்சள் கோடு.

"தண்ணியத் திருடின, சரி. மன்னிப்புக் கேக்கிற இலையையும் என் வேலியிலயா திருடுவ?" என்றான் கிவியா.

"டேய், என் தோட்டத்து இலைடா இது" என்று அமினியேலி கோடு தெரிகிற இலையை ஆட்டிக்கொண்டே சத்தியம் செய்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதற்கு அன்றைக்கு அவனைவிட நல்ல சாட்சி கிடையாது. நீட்டிய இலையைத் தள்ள முடியாமல் கிவியா வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினான். மன்னிக்கவும் முடியவில்லை, சண்டை போடவும் வழியில்லை. அவன் கோபம் போக்கிடம் இல்லாமல் மண்ணுக்குள் இறங்கியது. மறுநாள் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த இருபது தப்படியைக் கடக்க முப்பது தப்படி வைக்க வேண்டியிருந்தது. அந்த மாதமே அமினியேலியின் மசாலே எல்லாம் வேரோடு பட்டுப்போயின. பூச்சி என்றான் அமினியேலி.

பிறகு வருஷா வருஷம் நிலம் விரிந்தது. தம்பியின் மசாலே வரிசை அமினியேலி முற்றத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டது. விரிந்ததெல்லாம் அதற்கு அப்பால். காப்பி விலை விழுந்த வருஷம் அங்கே ஆடு மேய்ந்தது. மோஷி நகரத்திலிருந்து அளக்க வந்த அதிகாரி சங்கிலியைப் போட்டுப் பார்த்தார், இருபது தப்படிதான். அதை எழுதிக்கொண்டு நடந்தார். பாதி வழியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டார். மலைச்சரிவில் கையகல இடம்கூடச் சும்மா கிடக்காத ஊர் அது. யாருக்கும் சொந்தமில்லாமல் இவ்வளவு சமதளம் கிடைத்தால் விடுவார்களா? பள்ளிக்கூடம் கட்டினார்கள். பக்கத்தில் பந்து விளையாட மைதானமும் போட்டார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே அண்ணன் தம்பி ரெண்டுபட்டதில் ஊருக்கே கொண்டாட்டம். போதகர்கூடச் சமாதானம் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது அந்தப் பக்கம் பார்க்காமல்தான் செய்வார். அமினியேலி மட்டும் தினமும் விடிந்ததும் அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பல் தேய்த்தான். பத்தொன்பது வருஷத்தில் அதில் ஓர் இலையைக்கூட அவன் தொடவில்லை.

பெருமழைக் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்த நேரத்தில், அவன் மகள் மான்காவுக்கு வலி எடுத்தது. நாள் கணக்குக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கீழே சாலைக்குப் போகும் பாதையை முந்தின நாள் மழை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அமினியேலியின் மனைவி நேமா உள்ளேயிருந்து ஓடிவந்து, "கால்தான் முதல்ல வருது. ஐக்காண்டே இல்லாம முடியாது" என்றாள். மலையின் அந்தப் பக்கத்தில் பிள்ளை பிடிக்கத் தெரிந்தவள் ஐக்காண்டே ஒருத்திதான். அமினியேலி வரிசைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான். அவளுடைய குரல் உடனே வந்தது.

"கிளம்பிட்டேன் மூத்தவரே! பையைத் தூக்கிட்டேன். ஆனா பாதி வழி வர்றதுக்குள்ள…" என்று நிறுத்தினாள். பிறகு, "அவளை முக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

மான்கா அலறினாள். அரை நாள் அவள் தாங்க மாட்டாள் என்று அமினியேலிக்குத் தெரியும். எது அந்த அரை நாளை நடுவில் வைத்தது என்பதும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. மகள் மறுபடி அலறினாள். வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"கிவியா! அந்த இலை உன் இலைதாண்டா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். "உன் வேலியிலதான் பறிச்சேன். சேத்துல இறங்கச் சோம்பல்பட்டுப் பறிச்சேன். பொய்ச் சத்தியம் பண்ணினேன்!"

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு நின்றது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வாத்தியாரும் கேட்டார்கள்.

"இது தெரியாதாக்கும் ஊருக்கு?" என்றது கிவியாவின் குரல். அது உடைந்திருந்தது. "கோடு போட்ட இலையை ஆட்டி ஆட்டிச் சத்தியம் பண்ணின மடையன் நீ ஒருத்தன்தான். நீ சொல்லணும்னுதானே இத்தன வருஷம் காத்துக்கிடந்தேன்."

"எங்கிட்ட மசாலே இல்லடா. எல்லாம் பட்டுப்போச்சு. எதைக் கொண்டு கேப்பேன்?"

"என்னுதுல பறி. நான் சொல்றேன், பறி. நல்ல இலையாப் பாத்துப் பறிண்ணே."

அமினியேலி குனிந்து பறித்தான். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஐக்காண்டே கையில் பையோடு வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். "வழியை விடுங்க மூத்தவரே, மரம் மாதிரி நிக்காம" என்று அவனை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், கிவியா நின்றான். தலை நரைத்திருந்தது. அண்ணனுக்கு அது அதுவரை தெரியாது. இலையை வாங்கி, பழைய இலை காய்ந்து கிடந்த அதே பையில் போட்டுக்கொண்டான். இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் உள்ளே பிள்ளை அழுதது. தாயும் பிள்ளையும் நலம் என்று நேமா சொன்னதும் அமினியேலி தம்பியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதான்.

பள்ளிக்கூடத்தின் நினைப்பு அப்புறம்தான் வந்தது. நிலம் சுருங்கிவிட்டதே, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தாய்மார்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். இருபது தப்படி இடத்தில் புல்தான் இருந்தது. புல்லுக்குள்ளே எங்கோ உச்சி மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகப் புல்லிலிருந்து வெளியே வந்து, பசிக்கிறது என்றார்கள். போதகர் பைபிளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

இப்போதும் அப்படித்தான். அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு உப்புக் கடன் வாங்க ஒரு பெருமூச்சு நேரம் போதும். காலையில் அதே இடத்துக்குள் நாற்பத்திரண்டு பிள்ளைகள் புத்தகத்தோடு நுழைகிறார்கள். மைதானம் உள்ளே முழுசாகத்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் இன்னொரு வகுப்பறை கட்டப்போகிறார்கள். சகோதரர்கள் இருவரும் சாயங்காலம் வாழைக்கள்ளோடு உட்காரும்போது எப்போதாவது உள்ளேயிருந்து ஒரு பந்து வந்து மடியில் விழும். பேச்சை நிறுத்தாமலே அமினியேலி அதைத் திருப்பி எறிவான்.